சோத்தாங்கை

ஸ்பூன் பறந்து போய் டிவி ஸ்டாண்டில் மோதித் தரையில் ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. தயிர்சாதம் சுவரில் அப்பி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எறிந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் சோலைச்சாமி.

இவாஞ்சலினுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. கட்டிலுக்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நல்ல தூரம். பக்கவாதத்தில் வலப் பக்கம் விழுந்துபோன மனுஷன், உட்கார்ந்த வாக்கில், குறி தப்பாமல் எறிந்திருக்கிறார். எறியத் தெரிந்த கைக்கு எடுக்கவும் தெரியும்.

"நல்லா எறியுதீகளே ஐயா," என்றாள். "அதே கைய இங்கிட்டு வாய்க்குக் கொண்டாந்தா முடிஞ்சது சோலி."

சோலைச்சாமி மெதுவாகத் திரும்பினார். வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தாலும் வார்த்தை ஒன்றும் குழறவில்லை. போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயரானவர். எதிரே நிற்பவரைக் கால் முதல் தலை வரை பார்த்துவிட்டுப் பேசும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"பீச்சாங்கையால சோறு திங்கச் சொல்லுதியாம்மா? உங்க வீட்டு ஆம்பளைக்கு அப்படித்தான் பழக்கியிருக்கியோ?"

அதற்குள் அவர் மனைவி குருவம்மாள் ஈரத் துணியோடு வந்துவிட்டாள். சுவரைத் துடைத்தாள். ஸ்பூனை எடுத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி நீட்டினாள். சோலைச்சாமி ஜன்னலைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். உருண்டை உள்ளே போனது. மறுபடியும் திறந்தார். தட்டு காலியாகும் வரை அப்படித்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் இவாஞ்சலினுக்கு வேலை. ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், வாதம் வந்தவர்களையும் இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் மறுபடி எழுப்பி நடமாட விடுவது. நர்ஸிங் மேற்படிப்பில் அவள் மனதில் ஒட்டிக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். சுய பராமரிப்புக் கோட்பாடு. அமெரிக்க நர்ஸ் ஒருவர் எழுதிவைத்தது. குளிப்பது, உடுப்பது, உண்பது, ஒதுங்குவது எல்லாம் மனிதன் தனக்குத் தானே செய்துகொள்ள வேண்டியவை. அதில் அவனால் முடியாத பங்கு எதுவோ அது மட்டும்தான் நர்ஸின் வேலை. ஆரம்பத்தில் எல்லாம் நாம் செய்கிறோம். பிறகு பாதி அவன், பாதி நாம். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று வாயால் சொல்வதோடு சரி. அதற்கப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். தான் தேவைப்படாத நாளைக் கொண்டுவருகிறவள்தான் நல்ல நர்ஸ்.

அவளுக்கு இது வேத வாக்கு. இதை நம்பித்தான் தினம் காலையில் ஸ்கூட்டரை எடுத்தாள். அதற்கு முன்னால் கணவன் செல்வினுக்குச் சட்டையை அயர்ன் பண்ணிக் கட்டில் மேல் விரித்துவைத்து, தட்டில் இட்லி வைத்துச் சட்னியை ஊற்றி, தண்ணீர் டம்ளரைத் தள்ளிவைத்து, பர்ஸையும் பைக் சாவியையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவாள். அந்த வீட்டில் யாருக்கும் வாதம் வந்ததில்லை.

குருவம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்டுவரை வந்து வழியனுப்புவாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான். அவுகளுக்கு எப்போ தேறும்? எப்போது தானாக எழுந்து நடப்பார், எப்போது தானாகச் சாப்பிடுவார், குத்துமதிப்பாக ஒரு நாளாவது சொல்ல முடியுமா? சொல்லிக்கொடுத்த பயிற்சி எதையும் அவள் விட்டதில்லை. காலையும் மாலையும் அவரைப் பிடித்து நடக்க வைத்தாள். இவாஞ்சலினுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். இப்படி ஒரு பெண்டாட்டியைப் பார்த்ததில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். சபையில் பெண்கள் கூடுகையிலும் சாட்சி மாதிரி எழுந்து நின்று சொன்னாள். அவர்களும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

உண்மை தெரிந்தது ஒரு வியாழக்கிழமை.

அன்றைக்கு அந்த வலது கைக்கு எண்ணெய் போட்டு நீவச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வாதத்தில் செத்த கை சும்மா தொங்காது. நாளாக ஆக உள்ளுக்கு மடங்கி, கொக்கி மாதிரி இறுகிவிடும். உள்ளங்கையில் எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளும், விடத் தெரியாது. குருவம்மாளின் இரண்டு விரல் அதில் மாட்டிக்கொண்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது. இழுத்தாள். வரவில்லை. சோலைச்சாமி கண்ணை மூடித் தூக்கத்தில் இருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது.

"இழுக்காதீக அக்கா. இழுத்தா இன்னும் இறுக்கும்," என்று இவாஞ்சலின் அவர் மணிக்கட்டைக் கீழே மடக்கினாள். விரல்கள் தாமாகப் பிரிந்தன.

குருவம்மாள் தன் விரல்களை முந்தானையில் சுருட்டிக்கொண்டு எழுந்து மாடிக்குப் போனாள். இவாஞ்சலின் பின்னாலேயே போனாள். காய்ந்த துணிகளைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டே குருவம்மாள் சொன்னாள்: "இந்தக் கைதான் சிஸ்டர்."

அடித்த கை என்று இவாஞ்சலினுக்குப் புரிந்தது.

மற்றதெல்லாம் துணி மடிக்கிற நேரத்தில் வந்தது. மகள் பாண்டிசெல்வியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்து மறுவீடு முடிந்த வாரமே, குருவம்மாள் ஒரு பையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள். சண்டை போட்டுக்கொண்டு அல்ல; காய்கறி வாங்கப் போகிறவள் போல. அங்கே கோர்ட்டுக்கு எதிரே ராஜரத்தினம் என்பவரின் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே டைப்பிங்கும் கற்றுக்கொண்டாள். தேரடிப் பக்கம் ஒரு அறை. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் 'குருவக்கா, இதுல ரெண்டு காப்பி' என்று நிற்பார்கள். ஐந்து வருஷம் அப்படிப் போனது. சோலைச்சாமி விழுந்த பிறகு, அவர் தம்பி சுந்தரபாண்டியன் இரண்டு கார் நிறைய சொந்தக்காரர்களோடு கடை வாசலில் வந்து இறங்கினான். கோர்ட் நடக்கிற நாள். கறுப்பு கோட்டுகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றன. மதினி, அண்ணன் கிடக்கிறான், நீங்க இங்க ஜெராக்ஸ் எடுக்கீக என்று சத்தம் போட்டான்.

"வாரேன்னு சொன்னேன். ஆனா அங்கயே, அம்புட்டுப் பேரு முன்னாடியும் ஒரு வாக்கு வாங்கிட்டுத்தான் வந்தேன். அவரு தன் வேலையத் தானே பாக்குற வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல ஒரு பொழுது இருக்க மாட்டேன். கொழுந்தனாரு சரின்னாரு." துணி மடிப்பதை நிறுத்தி இவாஞ்சலினைப் பார்த்தாள். "அதான் சிஸ்டர் கேட்டுக்கிட்டே இருக்கேன். எப்போ தேறும்?"

இவாஞ்சலினுக்குச் சபையில் எழுந்து நின்றது ஞாபகம் வந்து முகம் சுட்டது. அடித்ததற்காகத்தான் போனீர்களா என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

குருவம்மாள் அடுத்த துணியை உதறினாள். "அடி மறந்துருச்சு. இவரு சாப்பிட்டுக் கை கழுவிட்டு என் முந்தானையில தொடைப்பாரு. துண்டு இல்லாமலா? கொடியில கிடக்கும். விருந்தாடி இருந்தா கட்டாயம் தொடைப்பாரு. ஒவ்வொரு விரலா. தொடைச்சுட்டு அவுகளப் பாத்து ஒரு சிரிப்பு. அதுதான் போகல."

அன்றிலிருந்து இவாஞ்சலின் வெறி பிடித்தவள் போல வேலை செய்தாள். இந்த வீட்டில் ஒரு நோயாளி அல்ல, இரண்டு பேர் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. வீட்டையே சோலைச்சாமியின் இடது கைக்கு ஏற்றபடி திருப்பிப்போட்டாள். கட்டிலை இடம் மாற்றினாள். தண்ணீர் ஜாடி, டிவி ரிமோட், மாத்திரை டப்பா எல்லாம் இடது பக்கம் வந்தன. பாத்ரூமில் பிடித்து எழுவதற்கு ஸ்டீல் கம்பி. வெஸ்டர்ன் டாய்லெட்டின் ஹேண்ட் ஷவரைப் பிளம்பரை அழைத்து வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கம் மாற்றவைத்தாள். பாத்ரூம் கதவுக்கு வெளியே, நின்றால் இடது கை எட்டும் உயரத்தில் ஒரு ஆணி அடிக்கச் சொல்லி அதில் ஒரு துண்டை மாட்டினாள். சட்டை போடும்போது முதலில் செத்த கை, பிறகு உயிருள்ள கை, கழற்றும்போது மாற்றி. சோலைச்சாமி கெட்டிக்காரர். இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டார். நாலு கால் ஊன்றுகோலோடு ஹாலைச் சுற்றிவந்தார். தாமே முகம் மழித்துக்கொண்டார். ஏட்டையா மறுபடி டூட்டியில் சேர்ந்துவிடுவார் போலிருக்கிறதே என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னபோது சிரிக்கக்கூடச் செய்தார்.

குருவம்மாளும் சிரித்தாள். இருவரும் வேறு வேறு காரணத்துக்குச் சிரிப்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இவாஞ்சலின் நினைத்தாள். அது தப்பு. சோலைச்சாமிக்கும் தெரிந்திருந்தது.

சாப்பாடு மட்டும் நடக்கவில்லை. இடது கையால் சாப்பிடுவது அவருக்குச் சாவுக்குச் சமம். எல்லாம் செய்கிறவர் தட்டு வந்ததும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். இவாஞ்சலின் கெஞ்சினாள், மிரட்டினாள், இடது கையால் சாப்பிடும் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோவைப் போனில் காட்டினாள். அவர்கள் அந்தக் கையால் கழுவுவதில்லை, காகிதம்தானே என்று ஒரே போடாகப் போட்டார்.

பிறகு ஒருநாள் அவராகவே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"சிஸ்டரம்மா, நீ சொல்லுறது நியாயம்தான். இந்தக் கையால திங்கேன். ஆனா ஒண்ணு. திங்கிற கைய அங்க கழுவக் கொண்டுபோக மாட்டேன். ஒரு கைக்கு ஒரு வேலை. அதுக்கு நீ சம்மதிச்சா இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

அவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இத்தனை நாள் பூட்டிக்கிடந்த கதவு திறக்கிறது. அந்த வேகத்தில் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று பார்க்கவில்லை. பாதி அவன், பாதி நாம் என்பதுதானே இரண்டாம் படி? இன்று சோறு. நாளை மற்றது. தவிர, அவள் பிறந்து வளர்ந்த வீட்டிலும் சோத்தாங்கை வேறு, பீச்சாங்கை வேறுதான். எம்.எஸ்சி. படித்தாலும் அந்தக் கணக்கு அவளுக்குள்ளும் கிடந்தது. அவர் கேட்டது நியாயமாகவே பட்டது.

"சரி ஐயா. இந்தக் கைய சாப்பாட்டுக்கு வச்சுக்கோங்க," என்றாள். "மத்ததுக்குத்தான் அக்கா இருக்காகள்ல."

சோலைச்சாமி இடது கையால் ஸ்பூனை எடுத்தார். கொஞ்சம் சிந்தியது. மூன்றாவது வாயிலிருந்து சிந்தவில்லை. இவாஞ்சலின் போனை எடுத்து வீடியோ பிடித்தாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் அதைத் திரையில் போட்டுக் காட்டி, கோட்பாட்டை வீட்டுக்குள் கொண்டுபோவது எப்படி என்று பேசினாள். கைதட்டினார்கள். வீடியோவில் ஒரு ஓரத்தில், சமையலறை வாசலில், குருவம்மாள் நின்றுகொண்டிருந்தது பெரிய திரையில்தான் தெரிந்தது. அவள் சாப்பிடுகிறவரைப் பார்க்கவில்லை. போன் பிடித்திருக்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாட்கள் போயின. சோலைச்சாமி நன்றாகச் சாப்பிட்டார். தானே டாய்லெட்டுக்கு நடந்துபோனார். முடிந்ததும் உள்ளேயிருந்து 'ஏட்டி' என்று ஒரு குரல் வரும். குருவம்மாள் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போவாள். காலையில் எத்தனை மணிக்கு அந்தக் குரல் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் தெருமுனைக் கடைவரைகூட அவளால் போக முடியவில்லை. முன்பு சாதம் ஊட்டுகிற காலத்திலாவது, தட்டைக் கழுவிக் கவிழ்த்தால் அடுத்த வேளைவரை அவள் நேரம் அவளுடையதாக இருந்தது.

இவாஞ்சலின் அடுத்த படிக்கு இழுத்துப் பார்த்தாள். ஹேண்ட் ஷவர் இடது பக்கம்தான் இருக்கிறது, அழுத்தினால் போதும், சோப்பு போட்டுக் கழுவினால் கை கைதான் என்றாள். சோலைச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார்.

"பேச்சு மாறக் கூடாது சிஸ்டரம்மா. வேதம் படிக்கிறவுக நீங்க."

ஜெராக்ஸ் கடை ராஜரத்தினம் நல்ல மனுஷர். ஆனாலும் கடையை எத்தனை நாள்தான் ஒற்றை ஆளாகப் பார்ப்பார்? கான்சாபுரத்திலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு வந்திருக்கிறது, கம்ப்யூட்டர் படித்திருக்கிறது, திங்கட்கிழமை நீ வந்தால் உன் நாற்காலி, வராவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்று போனில் சொல்லிவிட்டார். குருவம்மாள் சுந்தரபாண்டியனைக் கூப்பிட்டு, வாக்கு வாங்கிக்கொண்டதை நினைவுபடுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பேசிவிடலாம், சிஸ்டரையும் வரச் சொல்லுங்க, அவுக சொன்னா எங்களுக்குச் சரி என்றான் அவன்.

கோயிலில் ஆராதனை முடிந்து, கட்டியிருந்த வெள்ளைச் சேலையோடு இவாஞ்சலின் நேராக அங்கே போனாள். ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு ஏழெட்டுப் பேர். சேத்தூரிலிருந்து பெரியப்பா வகையில் இரண்டு பேர். எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டுக் குருவம்மாள் பிரிட்ஜ் ஓரமாக நின்றாள். சோலைச்சாமி தாமே போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தட்டில் இருந்த மிக்சரை இடது கையால் ஸ்பூனில் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.

சுந்தரபாண்டியன் சுற்றி வளைக்கவில்லை. அண்ணனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியுமா, முடியாதா என்று கேட்டான்.

"முடியும்," என்றாள் இவாஞ்சலின்.

"எல்லாமும்?"

"எல்லாமும். ஒண்ணு மட்டும் செய்ய மாட்டேங்காரு. ஆனா அதுவும் முடியும். அந்தக் கைக்கு அம்புட்டுத் தெம்பு இருக்கு."

முடியாமை வேறு, செய்யாமை வேறு. அவள் படித்த கோட்பாடே அந்த இரண்டுக்கும் நடுவில் கிழித்த கோட்டில்தான் நின்றது. அதை இந்த ஹாலில் எப்படி விளக்குவது? அவள் வாயைத் திறப்பதற்குள் சோலைச்சாமி ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"நான் என்ன மாட்டேன்னா சொன்னேன்? இவுகதான் சொன்னாக. இந்தக் கைய சாப்பாட்டுக்கு வச்சுக்கோங்க, மத்ததுக்கு அவ இருக்கால்லன்னு. ஆஸ்பத்திரிக்காரவுக பேச்ச மீறக் கூடாதுன்னு அப்படியே நடக்கேன். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் சொன்னதுதான் அது. பிரிட்ஜ் ஓரத்தில் நின்றவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாமே, பென்ஷன் வருகிறதே என்று மட்டும் மெல்லச் சொன்னாள். சேத்தூர்க்காரர் ஒருவர் டீ கிளாஸை நாற்காலிக்கு அடியில் தள்ளினார். பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது அந்த வேலைக்கு வெளியாளை விட்டால் ஊர் காறித் துப்பாதா என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். சுந்தரபாண்டியன் எழுந்து, "மதினி, பேச்சு பேச்சுதான். ஆனா அண்ணன் இன்னும் முழுசாத் தேறலையே. சிஸ்டரே சொல்லிட்டாக," என்றான். கெட்ட எண்ணத்தோடு சொன்ன மாதிரியே தெரியவில்லை. ஒரு வேலை முடிந்த நிம்மதிதான் அவன் முகத்தில் இருந்தது.

குருவம்மாள் கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை இவாஞ்சலினுக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. ஆனாலும் வண்டி அங்கேதான் போய் நின்றது. என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. மன்னிப்பு கேட்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஹாலில் குருவம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட சேலை, தலையில் பூ, மடியில் பை. மேஜையில் மூடிவைத்த இட்லித் தட்டு. பாத்ரூமுக்குள்ளிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி."

அவள் அசையவில்லை.

"ஏட்டி குருவு. காது அவிஞ்சு போச்சா?"

சற்று நேரம் கழித்து ஊன்றுகோலால் சுவரைத் தட்டும் சத்தம். இவாஞ்சலினின் கால் தானாகப் பாத்ரூம் பக்கம் ஒரு எட்டு வைத்தது. குருவம்மாள் நாற்காலியிலிருந்து எழாமலே கேட்டாள். குரலில் கோபமோ அழுகையோ ஒன்றும் இல்லை.

"நீங்க போகப் போறீகளா சிஸ்டர்?"

இவாஞ்சலின் நின்றாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். படித்த பாடத்தை வாழ்க்கையில் முதல்முறையாக முழுசாகச் செய்கிறோம் என்று தோன்றியது. உள்ளே வசவு தொடங்கியது. ஸ்டேஷனில் பழகிய வசவு. குருவம்மாளின் அம்மா, அவள் பிறந்த ஊர், ஜெராக்ஸ் கடைக்காரன், வெள்ளைச் சேலை கட்டிய சிஸ்டர் என்று ஒருவரையும் விடவில்லை. பிறகு குரல் இறங்கியது. ஏலே தம்பி என்று சுந்தரபாண்டியனை அழைப்பது மாதிரி கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. தெருவில் மீன்காரர் வண்டியின் ஹாரன் கேட்டு, தூரம் போய்த் தேய்ந்தது.

அதற்குப் பின்னால்தான் அந்தச் சத்தம். ஹேண்ட் ஷவரை அழுத்தினால் வருகிற, சீறுகிற தண்ணீர்ச் சத்தம். நின்றது. மறுபடி வந்தது. பைப்பைத் திறந்து சோப்பு போட்டுக் கை கழுவும் சத்தம்.

குருவம்மாள் பையின் காதை இறுகப் பிடித்தாள். இவாஞ்சலின் அவள் பக்கம் திரும்பினாள். இரண்டு பேர் கண்ணிலும் ஒரே நேரத்தில் நீர் கோத்திருந்தது.

கதவு திறந்தது. சோலைச்சாமி ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு தோளைச் சுவரில் சாய்த்து நின்றார். இடது கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துண்டு அவர் காதுக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஊன்றுகோலைக் கையில் பிடித்து ஒவ்வொரு அடியாக ஹாலைக் கடந்து வந்தார். எழுந்து நின்ற குருவம்மாளின் முன்னால் வந்து நின்றார். பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்து ஊன்றுகோலைச் சாய்த்தார். கை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்தார். இஸ்திரி போட்ட மடிப்பைப் பிரித்து, உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். துடைத்துவிட்டு இவாஞ்சலினைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன் சிஸ்டரம்மா. திருப்திதானே? இனி இந்தக் கை சோத்துக்கு ஆகாது." குருவம்மாள் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். "ஏட்டி, தட்டை எடு. ஊட்டு."

வாயைத் திறந்தார்.

குருவம்மாள் ஈர முந்தானையை அவர் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். மேஜையிலிருந்த தட்டை எடுத்தாள். ஒரு கணம் அதைப் பிடித்தபடி நின்றாள். பிறகு இவாஞ்சலின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் அது கேட்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

சோலைச்சாமி வாயை மூடவில்லை. உள்ளே மேல்வரிசையில் கட்டிய பல் ஒன்று மின்னியது. கேட் கொண்டி விழும் சத்தம் இன்னும் வரவில்லை. இவாஞ்சலின் அதற்காகக் காத்திருந்தாள். காத்திருக்கும்போதுதான் கவனித்தாள். அவளுடைய வலது கை தட்டின் மூடியை எப்போதோ எடுத்துவைத்துவிட்டு, ஒரு இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தது.